பதினாலாம் நம்பர் கோட்டு

அந்த அறிக்கையை எழுதி முடிக்கத் துப்பறிவாளருக்கு இருபது நிமிடம்தான் பிடித்தது. அது பதினொரு மாதத்துக்கு முந்தைய கதை. காப்பி ஆறுவதற்குள் ஒரு வழக்கை முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவர் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

அதே அறிக்கையின் நகல் இன்று மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் தபாலில் வந்த ஒரு வெள்ளைத் தாள். அதில் அச்சடித்த இரண்டே வரி.

‘ஐஸ்கிரீம் கிடங்கில் கதவைத் திறந்து போட்ட பதினாலாம் நம்பர், நீங்கள் எழுதிய அந்த அம்மா இல்லை. காலையில் ஏஜென்சி வேனில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.’

“கையெழுத்து இல்ல, அட்ரஸ் இல்ல. ஸ்டாம்பு மட்டும் கோணாம ஒட்டியிருக்கு” என்றாள் பட்டாசு. “யாரோ ஒழுங்கா வளந்த பிள்ளை சார்.”

பட்டாசு அவருடைய உதவியாளர். நாற்பது வயது. அந்தப் பெயரை வைத்தவர் எதிர் அறைப் பல் வைத்தியர். திரி கிள்ளினால் நிறுத்த முடியாது என்பது அவர் சொன்ன காரணம். மூன்று வாரத்துக்கு டைப் அடிக்க ஏஜென்சி அனுப்பிய ஆள், பத்து மாதமாக இங்கேயே இருந்தாள். போகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் போகிற எண்ணம் இல்லை.

துப்பறிவாளர் அறிக்கையை எடுத்து மறுபடி படித்தார். படிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஏஜென்சி தினக்கூலிக்கு ஆள் அனுப்புகிறது. ஒரு நாள் ஐஸ்கிரீம் கிடங்குக்குப் பதினெட்டுப் பேரை அனுப்பியது. அன்று மத்தியானம் குளிர் அறைக் கதவு மூன்று மணி நேரம் திறந்து கிடந்து, ஓர் அறை நிறைய ஐஸ்கிரீம் கஞ்சியாக ஓடியது. கூரையில் இருந்த கேமராவில், யாரோ ஒரு தள்ளுவண்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு வெளியே போவது தெரிந்தது. முழங்கால்வரை மெத்தைக் கோட்டு, தலைக்கு மேல் மூடி, வாய்க்குத் துணி. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. கோட்டின் முதுகில் மட்டும் பளிச்சென்று 14.

ஏஜென்சியின் அன்றைய பட்டியலில் பதினாலாவது வரியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. துப்பறிவாளர் அதை எடுத்து எழுதினார். அவ்வளவுதான் துப்பு.

“அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?”

“கேக்கலை.”

“ஏன்?”

“வீடியோல பதினாலு இருந்தது. லிஸ்ட்லயும் பதினாலு இருந்தது. வேற என்னம்மா கேக்கறது?”

பட்டாசு ஏதோ சொல்ல வாயெடுத்து, மேசைமேல் இருந்த குண்டூசிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள்.

அவர் ஏஜென்சிக்குப் போன் போட்டார். கவுண்ட்டர்காரன் எடுத்தான்.

“அந்தம்மாவா? நாங்க பெஞ்சு அக்கான்னு கூப்பிடுவோம். தினம் காலையில அஞ்சே முக்காலுக்கு வந்து பெஞ்சுல உக்காருவாங்க. மத்தியானம் எந்திரிச்சுப் போவாங்க.”

“வேலைக்கு அனுப்பறீங்களா?”

“இல்ல சார். அனுப்ப வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டார்.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“நாங்க யாரையும் நீக்கறதில்ல சார். கூப்பிட மாட்டோம், அவ்வளவுதான்.” அவன் அதை நல்ல செய்திபோலச் சொன்னான். “பாவம், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஒரு வருஷ வேலை வந்திருக்கு. பன்னெண்டு பேர் வேணும். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணியோட லிஸ்ட் மூடறோம். அதையும் எதிர்பார்த்துக்கிட்டிருக்காங்க.”

துப்பறிவாளர் போனை வைத்தார். பதினொரு மாதம். அதில் வேலை நாள் எத்தனை என்று மனம் பெருக்கப் பார்த்தது. அவர் விடவில்லை.

“நாளைக்குக் காலையில நான் வேலை தேடிப் போறேன்” என்றார்.

“இப்பவாவது தோணுச்சே” என்றாள் பட்டாசு.

“நீயும் கூட வா. ரெண்டு பேருமா வேன்ல ஏறுவோம்.”

“நான் ஸ்கூட்டர்ல பின்னாலயே வரேன் சார். ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிட்டா யாரு காப்பாத்தறது? பல் வைத்தியரா?”

*

ஏஜென்சி ஒரு மாடிக் கட்டடம். கீழே கவுண்ட்டரும் ஒரு நீளப் பெஞ்சும் சுவரில் சில அறிவிப்புகளும். மறுநாள் ஆறு மணிக்குத் துப்பறிவாளர் பழைய சட்டையும் மூன்று நாள் தாடியுமாகப் போனபோது பெஞ்சு நிரம்பியிருந்தது. ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“இப்படி உக்காருங்க அண்ணே. அந்தப் பக்கம் ஒரு கால் ஆடும்.”

ஐம்பது வயது இருக்கும். தலைமுடி கரிக்கட்டைபோல ஒரே கறுப்பு. காதோரத் தோலிலும் அந்தக் கறுப்பு ஒட்டியிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் இருந்தது, கண்ணாடி இல்லை. பெஞ்சின் ஆடும் கால்வரை அறிந்தவள் யாரென்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

“புதுசா?” என்றாள் பெஞ்சு அக்கா.

“ஆமாம்மா.”

“வயசு கேட்டா அஞ்சு கொறைச்சுச் சொல்லுங்க. முதுகு வலி இருக்கான்னு கேட்டா, முதுகுன்னா என்னன்னு கேளுங்க.” சிரித்தாள். பிறகு சுவரைக் காட்டினாள். “உங்களுக்குப் படிக்கத் தெரியுமில்ல? அந்தச் சலவைக்கூடத்து நோட்டீசுல நேரம் என்ன போட்டிருக்கு பாருங்க.”

“பன்னெண்டு மணி.”

“அதேதானா? மாத்தலையே? கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்தேன்.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கறதா! கண்ணாடி போட்ட பொம்பளையை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? மொதல்ல நரைதான் காரணம்னு நெனச்சேன். மை அடிச்சுப் பாத்தேன், வேலைக்காகலை. அப்புறம் கண்ணாடியா இருக்கும்னு அதையும் கழட்டிட்டேன். நேத்து ரோட்டைத் தாண்டறப்போ ஒரு தபால் பெட்டிக்கு வழி விட்டு நின்னேன்னா பாத்துக்கங்க.”

துப்பறிவாளரால் சிரிக்க முடியவில்லை.

“வீட்டுல என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“மகன் ஒண்ணும் கெட்டவன் இல்ல. ஆனா பதினோரு மாசமா கூப்பிடலைன்னா அவன் என்னன்னு நெனைப்பான்? ‘நெருப்பில்லாம புகையாதும்மா, எதையாவது எடுத்துட்டியா, சொல்லிடு’ன்றான். மருமக எதுவும் கேக்கறதில்ல. நான் சமையலறைக்குள்ள போனா கூடவே வந்து நிப்பா, அவ்வளவுதான்.” அவள் குரல் இறங்கியது. “என்ன தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சா கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுடுவேன் அண்ணே. யாரைக் கேட்டாலும் நாளைக்குப் பாக்கலாம்ன்றாங்க.”

வழக்கு விசாரணையில் யாரையும் கேள்வி கேட்டுத் திணறடிப்பவர் அவர். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சலவைக்கூடத்து நோட்டீசையே மறுபடி மறுபடி படித்தார்.

ஒன்பதரை மணிக்குக் கவுண்ட்டர்காரன் ஐஸ்கிரீம் கிடங்குக்கான பெயர்களைக் கூப்பிட்டான். மூன்றாவதாக வந்தது துப்பறிவாளர் முந்தின மாலை பதிந்துவைத்த பொய்ப் பெயர்.

“போங்க, போங்க!” பெஞ்சு அக்கா அவர் தோளைத் தட்டினாள். அவள் முகத்தில் பொறாமை துளியும் இல்லை. “முதல் நாளே கூப்பிட்டுட்டான். ராசியான ஆள் நீங்க.”

*

வேனுக்கு ஒரே ஒரு கதவு, பின்பக்கம். உள்ளே நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு பலகை. கவுண்ட்டர்காரன் கதவருகில் நின்று, ஏறுகிறவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டியலில் குறித்துக்கொண்டான். முதலில் ஏறியவர் ஆழத்துக்குப் போக, அடுத்தடுத்து வந்தவர்கள் அவருக்கு இப்பால் அடைந்துகொண்டார்கள். பதினெட்டாவது ஆள் ஏறியதும் கதவைத் தோளால் அழுத்தித்தான் மூட முடிந்தது. எதிரில் இருந்தவரின் முழங்கால் துப்பறிவாளரின் முழங்காலில் இடித்தது. உள்ளே இருப்பவர் வெளியே வரவேண்டுமானால், முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கினால்தான் உண்டு.

அவர் அதைக் கவனித்தார். ஆனால் இன்னும் புரியவில்லை.

கிடங்கு வாசலில் வேன் நின்றது. கதவு திறந்தது. கடைசியாக ஏறிய பெண் முதலில் குதித்தாள். அவளுக்கு அடுத்து, அவளுக்கு முன் ஏறியவன். வரிசை இருந்த இடத்திலேயே பின்னோக்கி நடக்கத் தொடங்கியது.

வாசலில் ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஆணிகள், ஆணிகளில் மெத்தைக் கோட்டுகள். முதலில் இறங்கிய பெண்ணுக்கு ஒன்றாம் நம்பர் கோட்டு. அடுத்தவனுக்கு இரண்டு. துப்பறிவாளர் இறங்கும்போது ஆணிகள் கிட்டத்தட்டக் காலி. பெரியவர் அவர் கையில் ஒரு கோட்டைத் திணித்தார்.

முதுகில் 16 என்று இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, லிஸ்ட்ல நான் மூணு. எனக்கு மூணாம் நம்பர் கோட்டு இல்லையா?”

“லிஸ்ட்டு உங்க ஏஜென்சியோடது. அதை நான் எதுக்குப் பாக்கணும்? வண்டியை விட்டு யாரு மொதல்ல குதிக்கிறாங்களோ அவங்க ஒண்ணு.”

“எப்பவும் இப்படித்தானா?”

“ஒம்பது வருஷமா இந்தக் கைதான் கொடுக்குது.”

“பதினோரு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் கதவு திறந்து கிடந்துதே, அன்னைக்கு?”

“அன்னைக்கு மட்டும் அளவெடுத்துத் தைச்சா கொடுத்தேன்?” கோட்டுக்காரர் முறைத்தார். “உனக்கெதுக்கய்யா அந்தக் கதை?”

“அதை விசாரிக்க யாரும் வரலையா?”

“வந்தாரு ஒரு துப்பறியும் புலி. நேரா மேல ஆபீசுக்குப் போனாராம், வீடியோ பாத்தாராம், காரேறிப் போயிட்டாராம். இந்தப் பத்துப் படி இறங்கி வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். புலிக்குப் படியிறங்கத் தெரியலை.”

துப்பறிவாளர் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“என்னய்யா?”

“வேலை வேண்டாம்.”

“போடறதுக்கு முன்னாடியே ராஜினாமாவா! ஒம்பது வருஷத்துல நீதான்யா முதல் ஆள்.”

சாலைக்கு எதிர்ப்பக்கம் பட்டாசு ஸ்கூட்டரோடு நின்றாள். தலையில் ஹெல்மெட். முன்கண்ணாடியைக்கூட ஏற்றவில்லை. கோட்டுக்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பி, இல்லாத ஒரு பஸ்ஸைத் தேடினாள்.

“ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் பேசேன்ம்மா.”

“ஐஸ்கிரீம் கம்பெனி காத்து சார். மூளை உறைஞ்சிடும். அப்புறம் நம்ம ஆபீசுல மொத்தம் எத்தனை மூளை மிஞ்சும்?”

*

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“ஏறும்போது போட்ட நம்பர் வேற, இறங்கும்போது கிடைச்ச நம்பர் வேற. நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். பதினெட்டுப் பேர்ல பதினாலாவதா இறங்கின ஆள், ஏறினப்போ...”

“அஞ்சாவது” என்றாள் பட்டாசு.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஐந்துதான். எண்ணி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குப் பிறகு ஏஜென்சி வரும்வரை பட்டாசு பேசவில்லை. சிக்னலில் ஒருவன் குறுக்கே புகுந்தான்; அவனையும் திட்டவில்லை. பத்து மாதத்தில் இது முதல் தடவை.

மணி பதினொன்று இருபது. கட்டடத்தின் பக்கவாட்டில், மேனேஜர் அறைக்குப் போகும் மாடிப்படி. பட்டாசு அதன் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க போங்க சார். எனக்கு மாடி ஏறினா முட்டி பிடிச்சுக்குது.”

துப்பறிவாளர் ஏறினார். பாதியில் நின்றார். அவருடைய அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. தினமும் அவருக்கு முன்னால், பேசிக்கொண்டே, ஏறுகிறவள் அவள்தான்.

திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட் இன்னும் தலையில்தான் இருந்தது.

மீதிப் படிகள் மிக நீளமாக இருந்தன.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். “உங்க ரிப்போர்ட்டை நம்பித்தானே சார் நான் அந்தம்மாவை நிறுத்தினேன்?”

“ஆமா. தப்பு என்னோடது. எழுதியே தரேன். அந்தம்மா பேரை இப்பவே சலவைக்கூடத்து லிஸ்ட்ல சேருங்க.”

“சேத்துடலாம், இன்னும் ஒரு இடம் இருக்கு. ஆனா கிடங்குக்காரங்க அப்ப யாருன்னு கேப்பாங்களே?” மேனேஜர் பழைய பட்டியலை எடுத்துப் புரட்டினார். “அஞ்சாவது பேரைப் படிக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றார் துப்பறிவாளர். “அவங்க கீழ படிக்கட்டுல உக்காந்திருக்காங்க.”

மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “அட, இது நாங்க உங்களுக்கு டைப் அடிக்க அனுப்பின ஆளாச்சே!”

*

அவர் இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பட்டாசு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அழுதிருந்தாள்.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? ஸ்டாம்பா?”

“பதினாலாம் நம்பர்னு எழுதியிருந்தியே. அந்த நம்பர் அந்தம்மாவுக்கே தெரியாது. தெரிஞ்சது என் ரிப்போர்ட்டைப் படிச்சவங்களுக்குத்தான். மேனேஜர்கிட்ட ஒண்ணு இருக்கு, அவரும் வீடியோ பாத்த கிடங்கு ஆபீசுக்காரங்களும் வேன்ல போறவங்க இல்ல. இன்னொண்ணு நம்ம அலமாரியில இருக்கு. அலமாரியைத் திறக்கற ஆள் வேன்லயும் போயிருக்கணும். நேத்துவரைக்கும் அது நான் இல்ல.”

“லெட்டர் வந்தவுடனேயே இது உங்களுக்குத் தோணியிருக்கணுமே சார்.”

“தோணியிருக்கணும். யாரைச் சந்தேகப்படணும்னு இருந்தாலும் உன்னைத் தவிர மத்த எல்லாரையும் பாத்தேன். ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டேன்னு நின்னப்போகூட சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.”

அவள் ஹெல்மெட்டின் வாரை இழுத்து விட்டாள்.

“அந்தக் குளிர் ரூம் கதவு, நான் உள்ள இருக்கறப்போ ஒரு தடவை மாட்டிக்கிச்சு சார். கால் மணி நேரம் தட்டினேன். அதுலருந்து உள்ள போனா தள்ளுவண்டியை முட்டுக்கொடுத்துட்டுத்தான் நிப்பேன். அன்னைக்கு வெளிய வந்தேன், வேற பக்கம் கூப்பிட்டாங்க, மறந்துட்டேன். மறந்தது ஒண்ணுமில்ல சார். மறுநாள் ஞாபகம் வந்துதே, அப்புறமும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க.”

“வேற ஒருத்தர் தலையில விழுந்தது எப்போ தெரிஞ்சுது?”

“உங்க ஆபீசுக்கு வந்த மூணாம் நாள். ஃபைலை அடுக்கச் சொன்னீங்க. உங்க ரிப்போர்ட் இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா என்னையும் கூப்பிட மாட்டாங்க. எங்கம்மா படுக்கையில, நான் ஒருத்திதான் சம்பாதிக்கறவ. அதெல்லாம் நிஜம்தான். ஆனா அது சாக்குதான்னு எனக்கே தெரியும்.” மூக்கைத் துடைத்தாள். “ஓயாம பேசிக்கிட்டே இருந்தா அந்த ஒரு வார்த்தை மட்டும் வெளிய வராதுன்னு நெனச்சேன். நல்லாத்தான் வேலை செஞ்சுது சார், பத்து மாசம். போன வெள்ளிக்கிழமை இந்தப் பக்கமா வந்தேன். ஜன்னல் வழியா அவங்களைப் பாத்தேன். பெஞ்சுல. தலைக்கு மை அடிச்சுக்கிட்டு. எதுக்குன்னு எனக்கு உடனே புரிஞ்சுது.”

துப்பறிவாளருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்பட முதலில் தனக்கு யோக்கியதை வேண்டும் என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்து நின்றது. பத்துப் படி இறங்கிப் போய் ஒரு பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்காதவர் அவர்.

“மணி பதினொண்ணே முக்கால்” என்றார். “எந்திரி. சொல்ல வேண்டியது எங்கிட்ட இல்ல.”

*

பெஞ்சில் பெஞ்சு அக்கா மட்டும்தான் மிச்சம். எதிரே வந்து நின்ற பட்டாசை அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“யாரு... கிடங்குல சாப்பிடறப்போ பக்கத்துல உக்காந்து சிரிக்க வைப்பியே, அவளா? எங்கம்மா போனே நீ?”

பட்டாசு சொன்னாள். நின்றபடியே, ஒரு கேலியும் கலக்காமல், கதவிலிருந்து கடிதம்வரை சொன்னாள். பிறகு துப்பறிவாளர் தன் பங்கைச் சொன்னார். மேனேஜர் சலவைக்கூடத்துப் பட்டியலோடு வந்து பின்னால் நின்றார். பன்னிரண்டாவது வரியில் அவள் பெயர் எழுதப்பட்டிருந்தது, மை காயவில்லை.

பெஞ்சு அக்கா கத்தவில்லை. பட்டியலைக் கையில் வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, தன் பெயர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள்.

“கதவா?” என்றாள். “ஒரு கதவுக்கா? வீட்டுல நான் எதையோ திருடிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நீங்க கதவுன்றீங்க.”

பட்டியலை மேனேஜரிடம் திருப்பி நீட்டினாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “அப்ப இவங்க பேரை அனுப்பக் கூடாத லிஸ்ட்ல...” என்று பட்டாசைப் பார்த்தார்.

“எழுதிக்கங்க சார்” என்றாள் பட்டாசு.

“எழுதறது இருக்கட்டும். எழுதினா அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டு எழுதுங்க” என்றாள் பெஞ்சு அக்கா. “நாளைக்குப் பாக்கலாம்னு யாரையும் பெஞ்சுல உக்கார வைக்காதீங்க.”

துப்பறிவாளர் பையிலிருந்து தாளை எடுத்தார். “என் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்மா. நீங்க வீட்டுல காட்டலாம்.”

“காகிதம் வேண்டாம். காகிதத்துலதானே நான் மாட்டினேன்?” அவள் எழுந்து புடவையை உதறினாள். “நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. எம்மகன் ஆறு மணிக்கு வருவான். அவன் முன்னால நின்னு சொல்லுங்க.”

*

ஆறு பத்துக்கு அவர்கள் அந்தக் குடியிருப்பின் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு நான் ஆபீசுக்கு வரலாமா சார்?” என்றாள் பட்டாசு.

“நான் வரலாமான்னே எனக்குத் தெரியலை. முதல்ல இதை முடிப்போம்.”

ஒற்றை அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. மகன் வேலைச் சட்டையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். மருமகள் ஈரக் கையோடு வந்து நின்றாள். பெஞ்சு அக்கா யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

“இவங்க ரெண்டு பேரும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றாள் மகனிடம்.

வழியெல்லாம் துப்பறிவாளர் நல்ல வாக்கியங்களாகத் தயாரித்து வைத்திருந்தார். அறைக்குள் வந்ததும் ஒன்றும் உதவவில்லை. “உங்கம்மா எந்தத் தப்பும் பண்ணலை. நான் விசாரிக்காம அவங்க பேரை எழுதிட்டேன்” என்றார்.

“கதவைத் திறந்து போட்டது நான்” என்றாள் பட்டாசு. “பத்து மாசமா தெரிஞ்சும் சொல்லலை.”

மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் ஏதேதோ கேட்டான், அவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். கேள்விகள் தீர்ந்தபின் அவன் தாயிடம் திரும்பினான். குரல் உடைந்திருந்தது.

“நீ ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லலை? நான் ஒண்ணும் பண்ணலைடான்னு ஒரு வார்த்தை...”

“சொன்னேனே” என்றாள் அவள். “தினமும் சொன்னேன்.”

மகன் மேசையைப் பார்த்தான். மருமகள் கையைத் துடைப்பதை நிறுத்தினாள். அந்த அமைதி பட்டாசுக்குத் தாங்கவில்லை. எப்போதும்போல எதையாவது சொல்லி அதைக் கலைத்துவிட வாயைத் திறந்தாள்.

“நீ சும்மா இரும்மா” என்றாள் பெஞ்சு அக்கா, மகன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். “அவன் பேசட்டும்.”